கால்வாய்த் தெருவில் நான்கு வீடுகள்

இப்போது வீடு வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. என்னைப் பார்க்கிற எல்லோரும் கேட்பதுதான். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு டாக்டர் கேட்டார். நான் விரலைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னேன். பதிவுக் கருவியை நீங்கள் இன்னும் போடவில்லை என்பதால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பொறுங்கள். வட்டி இறங்கும் என்று வங்கிக்காரர்கள் சொல்வதை நம்பி இதைச் சொல்லவில்லை. வரும் ஆறு மாதத்தில் ஊரின் மேற்குப் பக்கம் விற்பனைக்கு வீடுகளின் வரத்து கூடும். கீழ்த்தளமும் சின்ன மாடியுமாக, நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் கட்டிய உறுதியான வீடுகள். அங்கே குடியிருப்பவர்களின் சராசரி வயது எழுபத்து நான்கு. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சரி, போடுங்கள்.

வீடு வாங்கி விற்கும் ஒரு தரகு அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். விற்பதில் நான் சுமார்தான். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. என் வேலை எழுதுவது. ஆண்டுக்கு இரண்டு முறை எட்டுப் பக்கத்தில் ஓர் அறிக்கை வெளியிடுகிறோம். ஜனவரியில் வருவதை யாரும் பெரிதாகப் படிப்பதில்லை. ஜூனில் வரும் அரையாண்டுப் பார்வைதான் முக்கியம். வங்கிகளுக்கும் கட்டுமானக்காரர்களுக்கும் போகும், எங்கள் அலுவலகக் கண்ணாடியிலும் ஒட்டுவோம். தெருவில் போகிறவர்கள் நின்று படிப்பார்கள். மற்ற அலுவலகங்களும் இப்படி ஒன்றை வெளியிடுகின்றன. சந்தையில் நிதானமான வளர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருப்பார்கள். விலை ஏறினாலும் அது சரி, இறங்கினாலும் அது சரி. நான் அப்படி எழுதுவதில்லை. எந்தத் தெருவில் அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை வீடு விற்பனைக்கு வரும் என்று எண் போட்டு எழுதுவேன். அதனால் அலுவலகத்தில் எனக்கு ஜோசியர் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஜோசியம் பலிக்காவிட்டால் கிரகத்தின் மேல் பழியைப் போடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

எப்படி எண்ணுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் நாலு தரகர்களிடம் போனில் கேட்டு, கூட்டி, நாலால் வகுத்துப் போட்டுவிடுவார். நான் நடப்பேன். மார்ச் முதல் மே வரை மதிய வேளைகளில் தெருத்தெருவாகப் போய், தனியாக இருக்கும் வயதானவர்களின் கதவைத் தட்டி, உங்கள் வீட்டின் இன்றைய மதிப்பை இலவசமாகச் சொல்கிறேன் என்பேன். யாரும் வேண்டாம் என்றதில்லை. விற்கிற எண்ணம் துளியும் இல்லாதவர்களுக்குத்தான் தங்கள் வீடு என்ன விலை போகும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதிகம். காபி போட்டுக் கொடுத்து, பழைய ஃபோட்டோவெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். நான் அறைகளை அளப்பேன். அளந்துகொண்டே பார்ப்பேன். குளியலறைச் சுவரில் புதிதாகக் கைப்பிடி அடித்திருந்தால் இரண்டு வருடம். மாடியில் இருந்த கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டிருந்தால் ஒரு வருடம். மாத்திரை டப்பாவில் காலை, மதியம் என்று வேறு யாருடைய கையெழுத்திலாவது எழுதி ஒட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். வெளியூர் மகன் லீவுக்கு வந்தவன், போகிற போக்கில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னால் ஆறே மாதம். எல்லாவற்றையும் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்வேன். அந்த நோட்டு என் மேஜையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. பூட்டவில்லை.

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறீர்கள். முதலில் எல்லோரும் சுளிப்பார்கள். அதே ஆட்கள்தான் ஜூன் மாதம் கண்ணாடி முன்னால் நின்று படிக்கிறார்கள்.

பதினோரு வருடமாக எழுதுகிறேன். மற்ற தெருக்களில் ஒன்று கூடும், ஒன்று குறையும், அது சகஜம். கால்வாய்த் தெருவில் மட்டும் ஒரு தடவைகூட எண் பிசகியதில்லை. மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. ஒவ்வொன்றின் உள்ளும் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த வீட்டில் மின்பலகை பழசு, எங்கே கழிவுநீர்க் குழாய் போகிறது, எல்லாம். அங்கே பதினேழாம் எண் வீடு என் பெரியம்மாவுடையது. என் அம்மாவின் அக்கா. கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அந்த வீட்டு மாடியறையில்தான் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அம்மாகூட அப்படி இருந்ததில்லை.

பெரியம்மா ஆஸ்பத்திரித் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எந்த வார்டுக்கு என்ன எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொன்னார் என்று திருத்திக்கொள்ளுங்கள். ரகசியம் பேச வராது. காதோடு சொன்னாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எழுபத்தேழு வயதில் வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போவார். பெரியப்பா போன பிறகு பன்னிரண்டு வருடம் தனியாகத்தான். ஒரே மகள், எனக்கு அக்கா முறை, பஸ்ஸில் நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். வீட்டுக்கு ஒரு சாவி அக்காவிடம், ஒரு சாவி என்னிடம்.

மே மாதம் சமையலறையில் வழுக்கி விழுந்து பெரியம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அக்கா வந்து இரண்டு வாரம் இருந்தாள். என்னோடு வந்துவிடு என்றாள். பெரியம்மாவும் சரி என்றுவிட்டார். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எந்தப் பாத்திரம் யாருக்கு என்றுகூடச் சொல்லிவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். நோட்டில் குறித்தேன். ஜூன் முதல் வாரம் அறிக்கை வந்தது. கால்வாய்த் தெரு, இரண்டாம் அரையாண்டு வரத்து: நான்கு வீடுகள்.

இதில் ஒரு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் மகளுக்குப் பதினொரு வயது, சக்கர நாற்காலி. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள், லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அவர்தான் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். பள்ளிக்கூடம் கால்வாய்த் தெரு முனையில். அறிக்கை ஒட்டிய அன்றே படித்துவிட்டு உள்ளே வந்தார்.

“நாலு வீடு வரும்னு போட்டிருக்கீங்களே, உறுதிதானா சார்?”

“நான் போட்டா வரும்.”

“அப்ப வாடகை வீட்ட டிசம்பரோட காலி பண்றேன்னு சொல்லிடட்டுமா? வீட்டுக்காரர் இப்பவே கேக்கறாரு.”

“தாராளமா சொல்லுங்க.”

என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஒரு மனிதர் என் சொல்லை நம்பித் தன் வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்ததைத் தனியாகப் பார்த்தால் கொடூரமாகத்தான் தெரியும்.

ஜூலையில் பத்தொன்பதாம் எண் வந்தது, பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வீடு. அபூர்வமாக அதை நானே விற்றுக் கொடுத்தேன். வெளியூரில் இருக்கும் ஒரு இன்ஜினீயர் வாங்கினார். ஆகஸ்டில் ரிடயரான பஸ் டிரைவரின் வீடு. செப்டம்பர் கடைசியில் பேக்கரிக்காரர் வீடு. மூன்றையும் மருந்துக்கடைக்காரர் போய்ப் பார்த்தார். ஒன்றில் வாசலில் ஐந்து படி, ஒன்றில் குளியலறைக் கதவு குறுகல், ஒன்று கை நழுவிப் போனது. நாலாவது வரட்டும் சார் என்றார்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கை நன்றாகக் கூடிவிட்டது. காபித் தம்ளரை அந்தக் கையாலேயே தூக்கிக் கொடுத்தார். மேஜையில் என் அறிக்கை கிடந்தது. பெரியம்மா ஒவ்வொரு தடவையும் அதைப் பேனாவும் கையுமாகப் படித்து, எழுத்துப்பிழை எடுத்து வைப்பார்.

“ஏண்டா, நாலுன்னு போட்டிருக்கியே, நாலாவது எதுடா?” என்று விரல் விட்டு எண்ணினார். “பக்கத்து வீடு ஒண்ணு. டிரைவர் வீடு ரெண்டு. பேக்கரிக்காரன் மூணு. இந்தத் தெருவுல வேற யாரு கெளம்பப் போறா? எனக்குத் தெரியாம?”

நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

“என் வீடுதானா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“நீங்கதான பெரியம்மா, அக்காகூடப் போறேன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். வலிக்கறப்ப ஆயிரம் சொல்லுவேன். இப்ப வலிக்கல. அவ வீட்டுல போய் மூலைல உக்காந்துக்கிட்டு, அவ போடற சீரியலைப் பாத்துக்கிட்டு, என்னால ஆகாதுடா. எனக்குக் கொளம் இருக்கு, இந்தத் தெரு இருக்கு. நான் எங்கயும் போகல.”

“நீங்க போகலன்னா என் எண்ணிக்கை தப்பாயிடும்.”

“ஆகட்டுமே. பதினோரு வருஷமா தப்பே பண்ணாம இருக்கே. ஒரு தடவ பண்ணித்தான் பாரேன், உடம்புக்கு நல்லது.”

என் தலையைக் கலைத்துவிட்டு உள்ளே போனார். நாற்பத்தாறு வயது எனக்கு. இன்னும் தலையைக் கலைப்பார்.

அடுத்த நாள் முதலாளியிடம் சொன்னேன். கால்வாய்த் தெருவில் மூன்றோடு நின்றுவிடும்போல் இருக்கிறது என்று. அவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூணுன்னா மூணு. யாருய்யா எண்ணிப் பாக்கப் போறா? ஜனவரில ஒரு வரி திருத்தம் போட்டுட்டா வேலை முடிஞ்சிது,” என்றார். உண்மைதான், யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் வந்து, உன் எண் சரியாக இருந்தது என்று சொன்னதும் இல்லை. நான்தான் ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் நோட்டை எடுத்துவைத்துச் சரிபார்ப்பேன். சரியாக இருந்தால் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும். என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

அக்டோபர் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். திட்டம் போட்டுச் செய்தது என்று பத்திரிகையில் வரும், அப்படியில்லை. பெரியம்மாவிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். படிகளைப் பற்றிச் சொன்னேன், குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் மகளைப் பற்றியும் சொன்னேன். பாவம் அந்தக் கொழந்த, என் வீட்டு மாடிய எடுத்துக்கச் சொல்லு என்று கேலி பண்ணினார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

நவம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும், பத்தொன்பதாம் எண் வீட்டுக்குப் போனேன். வாங்கியவர் வெளியூரில் இருந்ததால், மராமத்து வேலையை நடுநடுவே பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். அந்த வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. இரண்டு பக்கச் சுவரும் ஈரம் பிடித்துக் காரை உதிர்ந்து கிடந்ததால், சந்து முழுவதற்கும் சேர்த்துப் பூசிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. பெரியம்மாவுக்கும் அதில் சம்மதம். கொத்தனார் இருபத்தெட்டு வயதுப் பையன். மனிதர் என்று சொல்ல வேண்டும், இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. வேலையில் சுத்தம். சாந்தைக் குழைத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“சார், அந்தம்மா வீட்டுச் சுவத்துல ஒரு ஓட்ட இருக்கு. சுத்திலும் கரி புடிச்சிருக்கு. எதுக்குன்னு தெரியல. கேக்கலாம்னு பெல் அடிச்சேன், யாரும் இல்ல போல.”

செவ்வாய்க்கிழமை. குளத்துக்குப் போயிருந்தார்.

அந்த ஓட்டை எதற்கு என்று எனக்குத் தெரியும். அதன் மறுபக்கம், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், வெந்நீருக்கான கேஸ் கொதிகலன் இருக்கிறது. அதன் புகைக்குழாய் அங்கேதான் வெளியே வருகிறது. அதை அடைத்தால் விஷப்புகை வீட்டுக்குள்ளேயே தங்கும். வெளி மூடி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால் வெறும் ஓட்டையாகத் தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முன் அதைப் பொருத்தியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பெரியம்மா கீழே நின்றுகொண்டு, விழுந்து தொலைச்சிடாதீங்கடா என்று கத்திக்கொண்டிருந்தார்.

“பழைய அடுப்புப் புகை போற ஓட்டை,” என்றேன். “இப்ப பயன்ல இல்ல. அடைச்சிடுங்க.”

“உறுதியா சார்? அப்புறம் அந்தம்மா வந்து சத்தம் போடப் போறாங்க.”

“எங்க பெரியம்மா வீடுதான். நான் சொல்லிக்கறேன்.”

கொத்தனார் ஒரு செங்கல் துண்டை வைத்து, சாந்தை அப்பி, கரணையால் நாலு தடவை இழுத்தார். அங்கே ஓர் ஓட்டை இருந்தது என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. நல்ல வேலை. இன்னொரு பக்கச் சுவரைக் காட்டி மணல் கொஞ்சம் நைசாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நான் அலுவலகத்துக்கு வந்தேன். மதியம் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தோன்றும் என்று எதிர்பார்த்தேன், தோன்றவில்லை.

அவ்வளவுதான் நான் செய்தது. கை வைத்து எதையும் செய்யவில்லை.

ஒரு தொலைபேசிப் பேச்சும் இருக்கிறது. அது உங்களுக்கு எப்படியும் தெரியவந்துவிடும், எண்ணைப் பார்த்திருப்பீர்கள். புதன்கிழமை சாயங்காலம் பெரியம்மா கூப்பிட்டார். குரல் வழக்கம்போல் இல்லை, மெதுவாக இருந்தது. பெரியம்மா மெதுவாகப் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

“தலை பாரமா இருக்குடா. கொமட்டல் வேற. நேத்து வெந்நில குளிச்சதுலேர்ந்து ஒரு மாதிரி அசத்துது.”

“கொளத்துக் குளிர் ஒத்துக்கல போல பெரியம்மா.”

“அப்படித்தான் நெனைக்கிறேன். ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்தேன், பரவால்லாம இருந்துது.”

“குளிர் காத்துதான் ஆகாது. எல்லா ஜன்னலையும் மூடிட்டு, நல்லா வெந்நில ஒரு குளியல் போட்டுட்டுப் படுங்க. காலைல சரியாயிடும்.”

“சரிடா. நீ சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். அம்மா நேற்றிலிருந்து போனை எடுக்கவில்லை, போய்ப் பாரேன் என்றாள். போனேன். சாவியால் கதவைத் திறந்து அகலமாகத் தள்ளிவிட்டு, வாசலிலேயே பத்து நிமிடம் நின்றேன். எதிர்வீட்டு அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தார், அவரோடு இரண்டு வார்த்தை பேசினேன். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டு, கடைசியாகத்தான் படுக்கையறைக்குப் போனேன். அந்தப் பத்து நிமிடம் ஏன் வெளியே நின்றேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பெரியம்மா போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை. இதை அக்காவிடமும் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து, கொதிகலனைப் பார்த்து, சந்துச் சுவரில் பூச்சைத் தட்டி உடைத்துப் பார்த்து, மறுநாளே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் கேட்டார்கள். சந்துப் பக்கம் அன்று நான் போனதாக நினைவில்லை, சுவரில் ஓட்டையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதம் உங்கள் ஃபைலில் இருக்கும். அது பொய். என் சொல்லுக்கும் அவர் சொல்லுக்கும் நடுவில் நீங்கள் என் சொல்லை எடுத்துக்கொண்டீர்கள். இறந்தவர் என் பெரியம்மா, நான் கோட்டுப் போட்டிருந்தேன், அவர் கையில் சாந்து இருந்தது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கொத்தனாரின் மனைவி ஒருநாள் மதியம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. சண்டை போடத்தான் வருகிறார் என்று முதலாளி எழுந்துவிட்டார். சண்டை போடவில்லை.

“அவரு பொய் சொல்ற ஆளில்ல சார். நீங்க சொன்னீங்கன்னுதான் சொல்றாரு. நீங்க மறந்திருப்பீங்க. கொஞ்சம் நெனச்சிப் பாருங்க சார்.”

“கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா,” என்றேன். “எல்லாம் நல்லபடியா முடியும்.”

அதை நான் மனதாரத்தான் சொன்னேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அவரை நான் வெளியே கொண்டுவருவேன் என்று. செய்யாத தப்புக்கு ஒரு மனிதன் உள்ளே கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்று இங்கே வந்து உட்கார்ந்திருப்பதும் அவருக்காகத்தான். என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் பதினேழாம் எண் வீட்டை வாங்குகிறாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர் நவம்பர் முதல் வாரமே ரயில்வே லைன் பக்கம் ஒரு கீழ்த்தள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் கொஞ்சம் தூரம், வேன் வைத்துக்கொள்வாராம். அலுவலகத்துக்கு வந்து எனக்கு இனிப்புக்கூடக் கொடுத்தார். ஆமாம், கொத்தனார் அந்த ஓட்டையைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு வாரம் முன்னால். எனக்குத் தெரியும். அதற்காக அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு இருந்த அக்கறை பொய்யாகிவிடாது.

பிறகு ஏன் மூன்று வாரம் சும்மா இருந்தீர்கள் என்று இரண்டாவது தடவையாகக் கேட்கிறீர்கள். முதல் தடவை நான் வேறு ஏதோ சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன்.

ஆள் காலி செய்துவிட்டால் அந்த வீடு சந்தைக்கு வந்துவிட்டது என்று நாங்கள் எண்ணுவதில்லை. ஆள் இறந்துவிட்டாலும் எண்ணுவதில்லை. உரிமையாளர் விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் எண்ணிக்கையில் சேரும். சட்டப்படி வீடு இனி அக்காவுடையது. ஆனால் அக்கா தயங்கினாள். விற்க வேண்டாம், வாடகைக்கு விடலாம் என்றாள். இன்னொரு நாள், பூட்டியே வைத்துவிடலாம், வருடத்துக்கு ஒரு தடவை வந்து தங்கிவிட்டுப் போகிறேன் என்றாள். டிசம்பர் பிறந்துவிட்டது. நான் அப்போதே உங்களிடம் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால், வழக்கு முடியும்வரை வீட்டுக்கு முத்திரை வைத்திருப்பீர்கள், கையெழுத்து ஜனவரிக்குப் போயிருக்கும். விபத்து என்றே இருக்கும்வரை ஒரு தடையும் இல்லை. கொத்தனார் சின்ன வயசு, இரண்டு வாரம் தாங்குவார் என்று பட்டது.

அதனால் தினமும் வேலை முடிந்து நேராகப் பதினேழாம் எண் வீட்டுக்குப் போனேன். அக்காவோடு தரையில் உட்கார்ந்து பீரோவைக் காலி செய்தேன், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். அவள் பெரியம்மாவின் ஒரு ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிடா விக்கறது, அம்மா வாசனை இன்னும் போகல என்பாள். நான் அவசரப்படுத்தவில்லை. பூட்டிக் கிடக்கிற வீடு சீக்கிரம் பாழாகும், பெரியம்மாவுக்கு அது பிடிக்காது, யாராவது குழந்தை குட்டியோடு குடியிருந்தால்தான் அவங்களுக்குச் சந்தோஷம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். பதினேழு நாள் இப்படிப் போயிற்று. பதினெட்டாம் நாள் சரி என்றாள்.

முந்தாநாள் கையெழுத்துப் போட்டாள். நேற்று படிவத்தை அலுவலகத்தில் பதிந்து, எண்ணிக்கையில் ஏற்றினேன். இன்று காலை உங்கள் வாசலில் நின்றேன்.

படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, “நீ மட்டும் இல்லன்னா நான் என்னடா பண்ணியிருப்பேன்,” என்று அழுதாள். நானும் அழுதேன். பெரியம்மா போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வராத எனக்கு, அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி, ரொம்ப நேரம் அழுதேன். மற்றதையெல்லாம் நீங்கள் உங்கள் வழக்கப்படி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது பெரியம்மாவுக்காக அழுத அழுகைதான்.